வீட்டு மூலையில் ஒரு பயிற்சிக்கூடம்



தமிழ்நாட்டை விட்டு வெளி மாகாணங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போன நம்மவர்களின் பெட்டிக்குள் ஒரு காலத்தில் மூன்று காகிதங்கள் தவறாமல் இருந்தன. ஒன்று பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ். மற்றொன்று தட்டெழுத்துச் சான்றிதழ். மூன்றாவது சுருக்கெழுத்துச் சான்றிதழ். இந்த மூன்றையும் நம்பி ஹௌரா மெயிலில் ஏறி வந்தவர்கள் எத்தனையோ பேர். கல்கத்தாவின் வாணிப நிலையங்களிலும் அரசாங்கக் கணக்கு அலுவலகங்களிலும் அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. லேக் மார்க்கெட்டைச் சுற்றியும் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டியும் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதற்கு அந்தக் காகிதங்களும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

அந்தத் தட்டெழுத்துத் தேர்வுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. அங்கே மனப்பாடம் செல்லாது. எந்த எழுத்து எந்த விரலுக்கு உரியது என்று நூறு முறை படித்தாலும், பயிலகத்தில் யந்திரத்தின் முன் உட்கார்ந்து விரலைப் பழக்கினாலன்றி ‘ஹையர்’ தேற முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியின் பொருளைத் தட்டெழுத்துப் பயிலகம் ஒவ்வொரு மாணவனுக்கும் நாள்தோறும் உணர்த்தியது.

இன்று தட்டெழுத்து யந்திரம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வந்து நிற்கும் தகுதிகளுள் ஒன்றைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டேன். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்துச் செய்தி போக வழி செய்யும் வலையமைப்புத் தொழிலில் நுழைவோருக்கான முதற்படிச் சான்றிதழ்த் தேர்வு அது. அதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்துக்கொண்டு தயார் செய்வது எவ்வாறு, அதற்கு என்ன செலவாகும், எங்கெங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பனவற்றை விளக்க முயல்கிறேன்.

இந்தப் பேச்சுக்குக் கொல்கத்தா பொருத்தமான ஊர். 1839ஆம் ஆண்டில் ஓஷானஸி என்னும் மருத்துவர் கம்பித் தந்தியைச் சோதித்துப் பார்த்தது இந்த நகரில்தான். 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. 1882 ஜனவரி 28 அன்று சென்னை, பம்பாய் நகரங்களோடு கல்கத்தாவிலும் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் இலக்கக் கணிப்பொறிகளுள் ஒன்று 1950களின் நடுப்பகுதியில் இங்குள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தது. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல், முதலமைச்சர் ஜோதி பாசு இங்கிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியது. தந்தி என்னும் சேவையே 2013 ஜூலையில் முடிவுற்றது. கம்பி மாறியது, கருவி மாறியது, ஆனால் இங்கிருந்து அங்கே செய்தி பிழையின்றிப் போய்ச் சேர வேண்டும், அதைக் காக்க ஒரு மனிதன் வேண்டும் என்ற தேவை மாறவில்லை. சால்ட் லேக் ஐந்தாம் பிரிவில் எழுந்து நிற்கும் அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், வங்கிகளிலும் அந்த மனிதனுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

இனித் தேர்வுகளைப் பார்ப்போம். முதற்படியில் இரண்டு பெயர்கள் அதிகமாக அடிபடும். ஒன்று காம்ப்டியா என்னும் அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ். இது எந்த ஒரு நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 2024 ஜூனில் வெளிவந்த அதன் பதிப்பில் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். மற்றொன்று சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. 1998இல் தொடங்கிய இத்தேர்வு 2020 பிப்ரவரி 24 அன்று புதிய உருவம் பெற்றது. 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு முதலிய சில செய்திகள் சேர்க்கப்பட்டன. காலம் 120 நிமிடங்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும்.

சி.சி.என்.ஏ. பாடத்தை ஆறு பங்காகப் பிரித்திருக்கிறார்கள். வலையமைப்பின் அடிப்படைக்கு நூற்றுக்கு 20, கருவிகளை வலையில் சேர்ப்பதற்கு 20, ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு வழி காட்டுவதற்கு 25, துணைச் சேவைகளுக்கு 10, பாதுகாப்புக்கு 15, தானியங்கி முறைகளுக்கு 10. இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. முதல் மூன்று பங்கும் சேர்ந்து 65 ஆகின்றன. அவை மூன்றும் கையால் செய்து பழக வேண்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். தேர்விலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, திரையில் ஒரு கருவியைக் காட்டி, இதை ஒழுங்குபடுத்து என்று சொல்லும் கேள்விகளும் வருகின்றன. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் மறுபடி அதற்குத் திரும்ப முடியாது. ஆகவே தயங்கும் கைக்கு அங்கே நேரம் போதாது.

கட்டணத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 அமெரிக்க டாலர், வரி வேறு. நம் பணத்தில் இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்றில் இத்தொகை சிறிதன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திலிருந்தோ, தாயாரின் சேமிப்பிலிருந்தோ எடுக்கப்படும் பணம் அது. தவறினால் மறுபடியும் அதே தொகை கட்டித்தான் உட்கார வேண்டும். இந்தக் காரணத்தினால்தான் சில இளைஞர்கள் ஒரு தவறான வழியில் இறங்கிவிடுகிறார்கள்.

அந்த வழி யாது? தேர்வில் வந்த கேள்விகளை யாரோ திருடி விற்கிறார்கள்; அதை ‘டம்ப்’ என்று தொழிலில் சொல்கிறார்கள். அதை வாங்கி முந்நூறு நானூறு விடைகளை உருப்போட்டால் தேறிவிடலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். இது தேர்வு விதிகளுக்கு மாறானது. தெரியவந்தால் பெற்ற சான்றிதழை ரத்துச் செய்யவும், மறுபடி எழுதவிடாமல் தடுக்கவும் நடத்துவோருக்கு உரிமை உண்டு. அதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. உருப்போட்டுத் தேறியவன் நேர்முகத் தேர்வுக்குப் போகிறான். எதிரே இருப்பவர் ஒரு ஸ்விட்சையும் இரண்டு கணிப்பொறிகளையும் காட்டி, இவை ஏன் பேசிக்கொள்ளவில்லை, கண்டுபிடி என்கிறார். அப்போது காகிதம் பேசாது. வேலையும் போயிற்று, இருபத்தையாயிரமும் போயிற்று, தன்னைப் பற்றித் தனக்கே இருந்த மதிப்பும் போயிற்று. தட்டெழுத்துத் தெரியாமல் ‘ஹையர்’ சான்றிதழோடு வந்தவனை முதல் கடிதத்திலேயே மேலாளர் கண்டுபிடித்துவிடவில்லையா? அதே கதைதான்.

எனவே, பயிலகத்து யந்திரத்திற்கு ஈடான ஒன்றை நம் வீட்டில் அமைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்குப் பணமே வேண்டாம். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி ‘பாக்கெட் டிரேசர்’ என்னும் மென்பொருளை இலவசமாகவே வழங்குகிறது. பெயரைப் பதிவு செய்துகொண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாதாரணக் கணிப்பொறித் திரையில் ரௌட்டர்களையும் ஸ்விட்சுகளையும் வைத்து, கம்பி இழுத்து, கட்டளை கொடுத்து, செய்தி ஒவ்வொரு படியிலும் எவ்வாறு நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். சி.சி.என்.ஏ. பாடத்தின் பெரும்பகுதிக்கு இது போதுமானது. உண்மையான கருவியின் மென்பொருளையே கணிப்பொறிக்குள் ஓட்டும் ஜி.என்.எஸ்.3 போன்ற சாதனங்களும் உண்டு. ஆனால் அவற்றுக்கு வேண்டிய கருவி மென்பொருளை உரிமம் இல்லாமல் பயன்படுத்துவது சட்டத்துக்கு உகந்ததன்று. தொடக்க மாணவனுக்கு அந்தத் தொல்லை தேவையில்லை.

இரண்டாவது வழி, பழைய கருவிகளை வாங்கிப் பழகுவது. கொல்கத்தாவில் இதற்குச் சாந்தினி சௌக் இருக்கிறது. மெட்ரோவில் அந்தப் பெயருள்ள நிலையத்தில் இறங்கினால், கணிப்பொறிப் பகுதிகளும் மின்சாதனங்களும் விற்கும் சந்துகள் தொடங்கிவிடும். அலுவலகங்கள் கழித்துவிட்ட ஸ்விட்சுகளும் ரௌட்டர்களும் அவ்வகைக் கடைகளுக்கு வந்து சேர்வதுண்டு. கேட்டலிஸ்ட் 2960 வரிசை ஸ்விட்ச் இரண்டு, பழைய ரௌட்டர் ஒன்று, தட்டையான வெளிர்நீலக் கன்சோல் கம்பி ஒன்று ஆகியவை இருந்தால் கூடம் தயார். இக்காலத்து மடிக்கணிப்பொறிகளில் பழைய சீரியல் துளை இல்லாததால், யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி ஒன்றும் வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் வங்காளத்தில் இரண்டு வார்த்தை பேசுவது பலன் தரும். அதைவிட அதிகப் பலன் தருவது கையோடு மடிக்கணிப்பொறியைக் கொண்டுபோவது. கருவிக்கு மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். கன்சோல் கம்பியை மாட்டி, வேகத்தை 9600 என்று வைத்து, அது பிழைச் செய்தியின்றி எழுந்து கட்டளை கேட்கும் நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். ‘ஷோ வெர்ஷன்’ என்ற கட்டளையால் உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். முந்தைய அலுவலகம் வைத்த கடவுச்சொல் நீக்கப்படாமல் இருந்தால் அஞ்ச வேண்டாம். 2960 ஸ்விட்சில் ‘மோட்’ பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்து மீட்கும் முறை இருக்கிறது. அதைச் செய்து பழகுவதே ஒரு பாடம்.

வாங்க வேண்டாதவற்றையும் சொல்ல வேண்டும். கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் இத்தேர்வுக்கான நூல்கள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் 2020க்கு முந்தைய பதிப்பைத் தேர்வுக்கென்று வாங்குவது வீண். ஃபிரேம் ரிலே, ஆர்.ஐ.பி., ஈ.ஐ.ஜி.ஆர்.பி. முதலியன பழைய நூல்களில் நூறு நூறு பக்கங்களை நிரப்பியிருக்கும். இன்றைய பாடத்தில் அவற்றைப் பயிற்சியாகக் கேட்பதில்லை. அவற்றுக்காக விற்கப்படும் கனத்த சீரியல் கம்பிகளுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய கருவிகள் ஓசை மிகுந்தவை. உள்ளிருக்கும் விசிறி ஓயாது சுழலும். ஓரறை வீட்டில் முதியவர் உறங்கும் நேரத்தில் அவற்றை ஓட்டுவது முறையன்று. சித்திரை வைகாசி மாலைகளில் வங்காளத்தின் கால்வைசாகிப் புயல் இடியோடு வரும்போது, கருவிகளை அணைப்பது மட்டும் போதாது. மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மழைக்காலத்து ஈரம் படாதபடி தரையை விட்டு உயரத்தில் வைப்பதும் அவசியம். நான் கூறும் யோசனை இதுதான்: முதல் மூன்று மாதம் மென்பொருளிலேயே பழகுங்கள்; உங்களுக்கு இத்தொழில் பிடித்திருக்கிறது என்று உறுதியான பின் கருவி வாங்குங்கள்.

கூடம் அமைந்தது. அங்கே என்ன செய்வது? முதலில் ஸ்விட்சுக்கும் ரௌட்டருக்கும் உள்ள வேறுபாடு மனத்தில் பதிய வேண்டும். ஒரு தெருவுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு கடிதம் பிரித்துக் கொடுக்கும் தபால்காரரைப் போன்றது ஸ்விட்ச். ஒரு தெருவின் கடிதத்தை வேறு தெருவுக்கு, வேறு ஊருக்கு அனுப்பும் வழியை அறிந்த தபால் நிலையத்தைப் போன்றது ரௌட்டர். எந்த முகவரி நம் தெருவுக்கு உரியது, எது வெளித்தெருவுக்கு உரியது என்று கணக்கிடத் தெரிந்தவனுக்குப் பாதித் தேர்வு கைக்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காகிதமும் எழுதுகோலும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 192.168.10.0 என்று தொடங்கும் ஒரு முகவரித் தொகுதி நம்மிடம் இருக்கிறது. கடைசி இடத்தில் 0 முதல் 255 வரை 256 எண்கள். ஓர் அலுவலகத்தில் நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தெரு வேண்டும். 256ஐ நான்கால் வகுத்தால் 64. அந்த நிலையில் சப்நெட் மாஸ்கின் கடைசி எண் 256இலிருந்து 64ஐக் கழித்த 192 ஆகும். முதல் தெரு 0 முதல் 63 வரை. இரண்டாவது 64 முதல் 127 வரை. மூன்றாவது 128 முதல் 191 வரை. நான்காவது 192 முதல் 255 வரை. ஒவ்வொரு தெருவிலும் முதல் எண் தெருவின் பெயர். கடைசி எண் தெரு முழுவதையும் கூவி அழைப்பதற்கு. எஞ்சிய 62 எண்களே வீடுகளுக்கு.

இப்போது ஒரு கணிப்பொறிக்கு 70 என்ற கதவு எண்ணும், வெளியே போகும் வாசலாக 1 என்ற எண்ணும் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணிப்பொறி பக்கத்து வீட்டு 71உடன் பேசும். ஆனால் வெளியுலகத்தோடு பேசாது. காரணம் என்ன? 70 இரண்டாம் தெருவில் இருக்கிறது. அதன் வாசலோ முதல் தெருவில் இருக்கிறது. தன் தெருவில் இல்லாத வாசல் வழியாக ஒருவர் எப்படி வெளியேற முடியும்? இரண்டாம் தெருவின் ரௌட்டர் முகவரி 65 என்றால், வாசல் எண்ணை 65 என்று மாற்றியதும் வழி திறந்துவிடும். இந்த ஒரு கணக்கை வெவ்வேறு எண்களில் நாளுக்குப் பத்து முறை போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில், காகிதம் இல்லாமலே விடை வரும்.

அடுத்துச் செய்ய வேண்டியது, நன்றாக ஓடும் வலையை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. பலர் செய்யாமல் விடுவது இதுதான். புத்தகத்தில் சொல்லியபடி கட்டளை கொடுத்து, செய்தி போய்ச் சேர்ந்ததும் மகிழ்ந்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். உத்தியோகத்தில் உங்களை அழைப்பது எல்லாம் சரியாக இருக்கும்போது அன்று. ஏதோ ஒன்று கெட்டுப்போன பிறகுதான். ஆகவே கெட்டுப்போன வலையின் முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

மூன்று சோதனைகள் கூறுகிறேன். முதலாவது: ஒரே ஸ்விட்சில் இரண்டு கணிப்பொறிகளை மாட்டி, இரண்டுக்கும் ஒரே தெருவின் முகவரி கொடுங்கள். பிறகு ஒன்றின் துளையை விலான் 10இலும், மற்றதன் துளையை விலான் 20இலும் சேர்த்துவிடுங்கள். இரு துளைகளிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்காது. விலான் என்பது ஒரே வீட்டை மரத்தடுப்பால் இரு குடித்தனமாகப் பிரிப்பது போன்றது. விளக்கு எரிவது வேறு, செய்தி சேர்வது வேறு என்ற பாடம் அன்று பதிந்தால் என்றும் மறவாது.

இரண்டாவது: இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பிகளை மாட்டுங்கள். சிறிது நேரத்தில் ஒரு துளையின் விளக்கு மஞ்சளாகவே நின்றுவிடும். அது கோளாறு அன்று. இரு கம்பிகளும் திறந்திருந்தால், எல்லோரையும் அழைக்கும் செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி வலையையே முடக்கிவிடும். அதைத் தடுக்க ஸ்விட்சுகள் தாமே ஒரு வழியை அடைத்துக்கொள்கின்றன. இந்த முறையை 1985இல் வகுத்தவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். திறந்திருக்கும் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். அடைபட்ட வழி தானே திறந்துகொள்ளும்.

மூன்றாவது சோதனைக்கு மென்பொருளில் இரண்டு ரௌட்டர்களை இணைத்து, ஓ.எஸ்.பி.எஃப். என்னும் முறையில் வழிகளைப் பரிமாறிக்கொள்ளச் செய்யுங்கள். ஈதர்நெட் கம்பியில் அவை பத்து விநாடிக்கு ஒரு முறை வணக்கம் சொல்லிக்கொள்ளும். நாற்பது விநாடி வரை வணக்கம் வராவிட்டால், எதிரிலுள்ளவர் இல்லை என்று முடிவு கட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் பத்து விநாடியை ஐந்தாக மாற்றுங்கள். அடிக்கடி வணக்கம் சொல்வதால் உறவு வலுப்படும் என்றுதானே நினைப்போம்? மாறாக, உறவே முறிந்துவிடும். இரு பக்கமும் ஒரே கணக்கில் இருந்தால்தான் அவை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும். கம்பியில் குறையில்லை; முகவரியில் குறையில்லை; பக்கம் பக்கமாக இரு கருவிகளின் அமைப்பையும் ஒப்பிட்டாலன்றி இந்தப் பிழை பிடிபடாது.

இந்தச் சோதனைகளைச் செய்கையில் ஒரு நோட்டுப் புத்தகம் அருகில் இருத்தல் வேண்டும். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது. நான்காவது கட்டம் நிரம்பாத பக்கத்தை முடிந்த பாடமாகக் கருதாதீர்கள். இந்த நான்கையும் தமிழிலேயே எழுதலாம். கட்டளைகளும் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பவை, அதில் மாற்றமில்லை. ஆனால் காரணம் விளங்குவது தாய்மொழியில்தான் எளிது. ஒரு பிழையின் காரணத்தைத் தமிழில் தன் பாட்டிக்கு விளங்கும்படி சொல்லத் தெரிந்தவன், நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ சொல்லத் திணற மாட்டான்.

பகலெல்லாம் அலுவலகம், எஞ்சும் நேரம் காலையும் மாலையும்தான், இதில் எங்கே பயில்வது என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சாந்தினி சௌக்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பௌபஜார் தெரு இருக்கிறது. இன்று பிபின் பிகாரி கங்குலி தெரு என்று பெயர். அங்கே 210ஆம் எண் கட்டடத்தில், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இயங்கி வந்தது. 1907இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார் ஒரு தமிழ் இளைஞர், வயது 18. அலுவலகத்துக்குப் போகும் முன்பும், அலுவலகம் விட்ட பின்பும் அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகி, 1911இல் திரும்பி வந்தார். 1917இல் பல்கலைக் கழகப் பேராசிரியர் பதவிக்காக அந்த உத்தியோகத்தையே விட்டார். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் கண்டறிந்த உண்மைக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சர் சி.வி. ராமன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ராமனைச் சொன்னதற்குக் காரணம், சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறவர்களெல்லாம் நோபல் பரிசு பெறுவார்கள் என்பதன்று. அவருடைய புகழ்பெற்ற சோதனை சூரிய ஒளி, கண்ணாடி வில்லை, வண்ண வடிகட்டி, கையடக்கமான நிறமாலை காட்டி ஆகிய எளிய சாதனங்களோடு தொடங்கியது. கே.எஸ். கிருஷ்ணன் போன்ற கூட்டாளிகளும், பொறுமையும், எதையும் கண்ணால் கண்டு உறுதி செய்யும் பழக்கமும் உடன் இருந்தன. விலை உயர்ந்த கருவி இல்லையே என்ற ஏக்கமும், முழுநேரம் இல்லையே என்ற ஏக்கமும் பௌபஜார் தெருவைக் கடக்கும்போது குறைந்துபோகும் என்பதே நான் சொல்ல வந்தது.

கூட்டாளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தனியாக ஒருவர் கருவி வாங்குவதைக் காட்டிலும், மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கி ஒரு வீட்டில் வைத்துப் பயில்வது சிக்கனம். ஞாயிறு காலையில் கூடுங்கள். ஒருவர் வலையைக் கெடுத்துவிட்டு வெளியே நிற்கட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். நம் சங்கங்களிலும் சபைகளிலும் சிறு அறை ஒன்றை வாரம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கினால், இசைக் கச்சேரிக்கும் நவராத்திரிக்கும் கூடும் நம் பிள்ளைகள் தொழிலுக்காகவும் கூடுவார்கள். வங்காளி நண்பர்களையும் அழைத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன ரௌட்டருக்கு மொழி வேற்றுமை இல்லை.

பெற்றோர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. சான்றிதழ் என்பது வேலைக்கு உத்தரவு அன்று. அது வாசற்கதவைத் தட்டும் உரிமை மட்டுமே. முதல் வேலை பெரும்பாலும் உதவி மேசையிலோ, இரவுக் கண்காணிப்பிலோதான் கிடைக்கும். சம்பளமும் தொடக்கத்தில் பெரிதாக இராது. தேர்வு எழுதினால் வேலை நிச்சயம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் தரகர்களை வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். நேர்மையான நிறுவனம் எதுவும் வேலை கொடுப்பதற்குப் பணம் வாங்குவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இத்தொழில் எதற்கு என்ற கேள்வியும் வேண்டாம். ஸ்விட்சுகளுக்கு அறிவு புகட்டியவரே ஒரு பெண்மணிதான் என்பதைச் சற்று முன்பு பார்த்தோம்.

தேர்வுக்கு எப்போது பணம் கட்டலாம்? அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. நண்பர் ஒருவர் கெடுத்துவைத்த வலையைப் புத்தகம் பாராமல் அரை மணி நேரத்தில் சரிசெய்ய முடிகிறதா? முகவரிக் கணக்கு ஒரு நிமிடத்துக்குள் வருகிறதா? நோட்டின் நான்காவது கட்டம் தயக்கமின்றி நிரம்புகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்த பிறகே கட்டணத்தைச் செலுத்துங்கள். அதுவரை நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம். இருபது நிமிடம் படிப்பு, நாற்பது நிமிடம் கைப்பயிற்சி. பூஜை விடுமுறையில் பத்து நாள் விட்டாலும் பாதகமில்லை. திரும்பி வந்ததும் பழைய பிழைகளிலிருந்து தொடங்குங்கள்.

தட்டெழுத்துச் சான்றிதழோடு வந்த நம் முன்னோர்கள் அந்நிய ஊரில் நல்ல பெயர் எடுத்ததற்குக் காரணம், அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது அவர்கள் விரல்களிலும் இருந்தது என்பதே. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வேறொரு காகிதத்தோடு அதே ஊரின் அலுவலகங்களில் நுழைகிறார்கள். அதில் எழுதியிருப்பது அவர்கள் கையிலும் இருக்கட்டும்.